பேட்மின்டனை நிறுத்த வேண்டாம், இரவுச் சாப்பாட்டைப் பாருங்கள்

கேள்வி:

என் மகனுக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். எடை அதிகம் என்று டாக்டர் சொன்னதால் ஜூன் மாதத்திலிருந்து வாரத்தில் நான்கு நாள் மாலை ஐந்தரை முதல் ஏழு வரை பேட்மின்டன் வகுப்புக்கு அனுப்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை நீச்சல். வீட்டுக்குள் நுழையும்போதே "அம்மா, பசிக்குது" என்றுதான் வருவான். ஹெல்த் டிரிங்க் போட்டு ஒரு பெரிய டம்ளர் பால், நான்கு தோசை சாப்பிடுவான். ஒன்பது மணிக்கு அவன் அப்பா கம்பெனியிலிருந்து வந்ததும் அவரோடு உட்கார்ந்து மறுபடியும் கொஞ்சம் சாப்பிடுவான். நீச்சல் நாளில் கேட்கவே வேண்டாம், கண்ணில் பட்டதெல்லாம் காலி. காலையில் 7.10-க்கு ஸ்கூல் வேன் வந்துவிடுவதால் பெரும்பாலும் வெறும் வயிற்றோடுதான் போகிறான். மதிய டப்பாவும் பாதி அப்படியே திரும்பி வரும்.

மூன்று மாதத்தில் இரண்டு கிலோ கூடிவிட்டது. "ஆடப் போனதுல இருந்துதான் பசி ஜாஸ்தியாயிருச்சு, நிறுத்திரு" என்கிறார் கணவர். "ஓடியாடி வர்ற பையன், வயிறாரப் போடு" என்கிறார் என் அத்தை. ஆறாவது படிக்கும் என் மகளும் அதே வகுப்புக்குத்தான் போகிறாள். அவள் ஒல்லி, அவளுக்கு எடை ஏறவில்லை. அளவுகளை எழுதி வைத்திருக்கிறேன். போன வருடம் ஜூனில் 152 செ.மீ., 66 கிலோ. இந்த ஜூனில் 159 செ.மீ., 77 கிலோ. இப்போது 161 செ.மீ., 79 கிலோ. உடற்பயிற்சி செய்தால் பசி கூடுமா? நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நிறுத்தாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலேயே இருக்கிறது.

உயரத்தையும் சேர்த்து எழுதி வைத்தீர்களே, அதற்கு நன்றி. பெரும்பாலான வீடுகளில் எடையை மட்டும்தான் பார்ப்பார்கள். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. என்ற குறியீடு கிடைக்கும். உங்கள் மகனுக்குப் போன வருடம் ஜூனில் அது 28.6. இந்த ஜூனில் 30.5. இப்போதும் 30.5. அதாவது முந்தைய பன்னிரண்டு மாதம் ஏறிக்கொண்டே இருந்த கணக்கு, விளையாடப் போன மூன்று மாதத்தில் அப்படியே நின்றிருக்கிறது. கூடின இரண்டு கிலோ, கூடின இரண்டு சென்டிமீட்டரோடு சேர்ந்து வந்தது. முந்தைய வருடம் 11 கிலோ, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த வேகம் இப்போது இல்லை. வளரும் வயதில் ஆரோக்கியமான பையன்களுக்கே இந்தக் குறியீடு வருடா வருடம் கொஞ்சம் மேலே போகும். எனவே ஏறாமல் நிற்பதே ஒரு படி முன்னேற்றம்தான். மூன்றே மாதத்தை வைத்து வெற்றி என்று கொண்டாட மாட்டேன். ஆனால் "ஆடப் போனதால் குண்டாகிவிட்டான்" என்பதற்கு இந்த அளவுகளில் ஆதாரம் கிடையாது. உங்கள் கணவருக்கு இந்த மூன்று வரிகளைக் காட்டுங்கள். அவருக்கும் கணக்கு புரியும்.

இதற்கு அர்த்தம் எடை ஒரு பிரச்சினை இல்லை என்பதல்ல. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், 14 வயதுப் பையனுக்கு 30.5 என்பது உடல் பருமன் கோட்டுக்கு நன்றாக மேலே. டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இனி பசிக்கு வருவோம். "உடம்பு எரித்தால் வயிறு கேட்கும்" என்பது நம் எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் கணக்கு. பருமனான வளரிளம் பிள்ளைகளை உட்கார வைத்து அளந்து பார்த்தபோது வேறு மாதிரி வந்தது. பிரான்சில் கிளெர்மோன் ஃபெரான் நகரில் டேவிட் திவெல் என்ற ஆய்வாளரின் குழு 2012-இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்கிறேன். உடல் பருமன் உள்ள 15 பையன்கள், வயதும் கிட்டத்தட்ட உங்கள் மகன் வயதுதான். மூச்சில் போய்வரும் காற்றை அளந்து உடல் எவ்வளவு கலோரி செலவழிக்கிறது என்று சொல்லும் மூடிய அறையில், தனித்தனியாக மூன்று நாட்கள் அவர்களைத் தங்க வைத்தார்கள். ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் மெதுவான பயிற்சி, அதாவது உடலின் உச்சத் திறனில் 40 சதவீதம். இன்னொரு நாள் கடுமையான பயிற்சி, 75 சதவீதம். மெதுவான பயிற்சியை அதிக நேரமும் கடுமையானதைக் குறைந்த நேரமும் கொடுத்து, இரண்டிலும் செலவாகும் கலோரி ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். சாப்பாடு வேண்டிய அளவு போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

கடுமையாகப் பயிற்சி செய்த நாளில் பையன்கள் மதியம் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டார்கள். இரவில் சுமார் 20 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். முழு நாளுக்குப் பார்த்தால் 6 முதல் 11 சதவீதம் குறைவு. மெதுவான பயிற்சி நாளில் எந்த மாற்றமும் இல்லை, உட்கார்ந்திருந்த நாள் மாதிரியே சாப்பிட்டார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. "இப்போது எவ்வளவு பசிக்கிறது?" என்று கேட்டு அவர்கள் குறித்த அளவு மூன்று நாளும் ஒன்றாகவே இருந்தது. குறைவாகச் சாப்பிடுகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எனவே "பசிக்குது" என்று பையன் சொல்வதை மட்டும் வைத்து அவன் உடம்புக்கு எவ்வளவு தேவை என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது. அவனாலும் முடியாது.

கடுமையான உழைப்புக்குப் பிறகு ஏன் இப்படி? வயிற்றில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் சிறிது நேரம் அடங்குகிறது. குடலில் சுரந்து பசியை அடக்கும் பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி.-1 ஆகிய ஹார்மோன்கள் ஏறுகின்றன. இப்போது எடை குறைக்கும் ஊசி என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அது இந்த ஜி.எல்.பி.-1 செய்யும் வேலையைத்தான் போலச் செய்கிறது. 2022-இல் இன்னொரு பொருளுக்கும் இதில் பங்கு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மூச்சு வாங்க ஓடும்போது, தசைகளில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் ரத்தத்தில் ஏறும். அது ஒரு அமினோ அமிலத்தோடு சேர்ந்து 'லாக்-ஃபே' என்ற மூலக்கூறாகிறது. பருமனான எலிகளுக்கு அதை ஊசியாகச் செலுத்தியபோது அவை தீனியைக் குறைத்துக்கொண்டன. ஓடி முடித்த மனிதர்களின் ரத்தத்திலும் அது ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். லாக்டேட் ஏறும் அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும் என்பதுதான் நமக்கு இதிலுள்ள பாடம். சும்மா நடந்தால் ஏறாது.

உங்கள் மகள் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஒல்லியான பிள்ளைகளிடம் பயிற்சிக்குப் பிறகு சாப்பாடு இப்படிக் குறைவது பெரும்பாலும் தெரிவதில்லை. செலவழித்ததை அவர்கள் உடம்பு நாளடைவில் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அவள் வளரும் வயதுப் பெண், விளையாடுகிறாள், வேண்டிய அளவு சாப்பிடட்டும். அண்ணனுக்குக் குறைக்கிறோம் என்று அவள் தட்டிலும் கை வைத்துவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிரான்சில் பார்த்தது ஒரே ஒரு நாளின் விளைவு. அதை 365-ஆல் பெருக்கிக்கொள்ள முடியாது. மாதக்கணக்கில் பயிற்சி செய்யும்போது ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருகிறது. 2008-இல் வந்த ஓர் ஆய்வில் எடை கூடிய 35 பெரியவர்களுக்கு 12 வாரம் மேற்பார்வையில் ஒரே அளவு பயிற்சி கொடுத்தார்கள். சராசரியாக 3.7 கிலோ குறைந்தது. ஒருவருக்கு 14.7 கிலோ குறைந்தது, இன்னொருவருக்கு 1.7 கிலோ கூடிவிட்டது. குறையாதவர்கள் சோம்பேறிகள் அல்ல, அவர்களும் அதே பயிற்சியைச் செய்தவர்கள்தான். அவர்களுக்குப் பசி கூடியிருந்தது, சாப்பாடும் கூடியிருந்தது. உங்கள் மகன் எந்த வகை என்பது போகப்போகத்தான் தெரியும். ஆனால் அதைத் தீர்மானிக்கும் முன்னால் உங்கள் வீட்டு மாலை நேரத்தைக் கொஞ்சம் சரிசெய்தாக வேண்டும். ஏனென்றால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் ஏழு மணிப் பசி பேட்மின்டனால் வந்த மாதிரித் தெரியவில்லை.

காலையில் வெறும் வயிறு. மதியம் பாதி டப்பா. அதற்கப்புறம் ஏழு மணி வரை ஒன்றும் எழுதவில்லை. அப்படியென்றால் ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைவது நாள் முழுவதும் சேர்ந்த பசி. பேட்மின்டனே இல்லாவிட்டாலும் அந்தப் பையன் அப்படித்தான் வருவான், என்ன, நான்கரைக்கே வருவான். அடுத்தது, அவன் இரவில் இரண்டு முறை சாப்பிடுகிறான். ஏழு மணிக்கு நான்கு தோசை முழு இரவுச் சாப்பாடு. ஒன்பது மணிக்கு அப்பாவோடு சாப்பிடுவது இரண்டாவது இரவுச் சாப்பாடு. நீங்கள் அதைக் "கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். அப்பாவோடு உட்கார அவனுக்குக் கிடைக்கும் ஒரே நேரம் அதுதான் என்றால் அந்தப் பசி வயிற்றில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. அதை வெட்டச் சொல்ல மாட்டேன். ஏழு மணிச் சாப்பாட்டைத்தான் மாற்ற வேண்டும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

மூன்றாவது அந்த டம்ளர். ஒன்றரை மணி நேர வகுப்பில் உண்மையாக ஓடி ஆடுவது முக்கால் மணி நேரம் இருந்தால் அதிகம். மீதி நேரம் வரிசையில் நிற்பதும் தண்ணீர் குடிப்பதும் பேசுவதும். 79 கிலோ உடம்புக்கு அந்த முக்கால் மணி ஆட்டத்தில் கூடுதலாகச் செலவாவது தோராயமாக 270 கலோரி. பெரிய டம்ளர் பால், இரண்டு ஸ்பூன் பவுடர், இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 250-ஐத் தொட்டுவிடும். கோர்ட்டில் யாராவது குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தால் அது இன்னும் ஒரு 100. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது, தோசை இன்னும் ஆரம்பிக்கவில்லை. திரவமாகக் குடிப்பதை நம் வயிறு சாப்பாடாக மதிப்பதில்லை, அதனால் அதற்கப்புறமும் நான்கு தோசை போகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் ஆட்டத்துக்கு நம் ஊர் வெயிலிலும் தண்ணீர் போதும். நிறைய வியர்த்தால் உப்புப் போட்ட நீர்மோர். எனர்ஜி டிரிங்க், ஸ்போர்ட்ஸ் டிரிங்க், ஜிம்மில் விற்கும் புரோட்டீன் பவுடர் எதுவும் 14 வயதுப் பையனுக்குத் தேவையில்லை.

நீச்சல் நாள் பசி மட்டும் கொஞ்சம் நிஜம். 2005-இல் அமெரிக்காவில் ஒரு குழு, ஆண்களைத் தண்ணீருக்குள் சைக்கிள் மிதிக்க வைத்து, பிறகு எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தது. 20 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் மிதித்த நாளில், 33 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர் நாளைவிட 44 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். திருப்பூர் நீச்சல் குளம் அவ்வளவு குளிராது. ஆனாலும் காலை ஆறு மணிக்கு நனைந்து நடுங்கி வருகிற பிள்ளைக்கு வயிறு கிள்ளத்தான் செய்யும். நீச்சலை விடாதீர்கள். பருமனான பிள்ளைகளுக்கு முழங்காலில் அதிகம் பாரம் விழாத பயிற்சிகளில் அதுவும் ஒன்று. வந்ததும் துவட்டி, உடை மாற்றி, சூடாக ஒரு டம்ளர் ரசமோ சூப்போ கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து இட்லி சாம்பாரோ முட்டையோ தட்டில் போட்டு உட்கார வையுங்கள். பாத்திரத்திலிருந்து நேராக எடுத்துச் சாப்பிடுவதும் வரும் வழியில் பேக்கரியில் நிற்பதும்தான் அந்த நாளின் கணக்கைக் கெடுக்கும். ஒரு பஃப்ஸ் ஏறக்குறைய ஒரு முக்கால் மணி ஆட்டத்துக்குச் சமம்.

சரி, விளையாட்டை நிறுத்தினால் பசி இறங்கிவிடுமா? இதற்கு நம் நாட்டிலேயே எடுத்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1956-இல் ஜான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் உடன் இருந்தவர்களும் மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையில் வேலை செய்த ஆண்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எவ்வளவு எடை இருக்கிறார்கள் என்று எடுத்தார்கள். மிதமான வேலையிலிருந்து கடுமையான வேலை வரை உழைப்பு ஏற ஏறச் சாப்பாடும் ஏறியது, எடை ஏறவில்லை. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிடவில்லை. மூட்டை தூக்குபவர்களுக்கு ஈடாகச் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். ஒரு அளவுக்குக் கீழே உடம்பு அசையாமல் போனால் பசியின் கட்டுப்பாடே தளர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. இப்போது யோசியுங்கள், ஐந்தரை முதல் ஏழு வரை அவன் கோர்ட்டில் இல்லையென்றால் எங்கே இருப்பான்? செல்போனோடு சோபாவில். பதின்வயதுப் பையன்களை ஒரு மணி நேரம் வீடியோ கேம் ஆட விட்டு அதன்பிறகு சாப்பிட வைத்த ஒரு சோதனையில், பசி கூடினதாக அவர்கள் சொல்லவில்லை, ஆனால் சும்மா இருந்த நாளைவிட 80 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். டியூஷனும் இப்படித்தான். கல்லூரிப் பெண்களை முக்கால் மணி நேரம் மூளையைக் கசக்கும் வேலையில் உட்கார வைத்தபோது, எழுந்ததும் 200 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆக, நிறுத்துவதால் பசி குறையும் என்பது நடக்காது. செலவு மட்டும்தான் நிற்கும்.

இனி செய்ய வேண்டியவை.

முதலில் காலை. வேனில் ஏறும் முன் ஒரு முட்டை, இரண்டு இட்லி. நேரமில்லை என்றால் கையில் கொடுத்து அனுப்புங்கள், வேனில் சாப்பிடட்டும். மதிய டப்பா ஏன் திரும்பி வருகிறது என்று அவனிடமே கேளுங்கள். குண்டாக இருக்கும் பிள்ளைகள் மற்றவர்கள் முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு மூடி வைத்துவிடுவதை நான் நிறையப் பார்க்கிறேன். அப்படி ஏதாவது இருந்தால் டப்பாவில் என்ன வைத்தாலும் திரும்பித்தான் வரும். வகுப்பு ஆசிரியரிடம் பேச வேண்டிய விஷயம் அது.

பள்ளி விட்டு வந்ததும், நான்கரை மணிவாக்கில், சரியான சிற்றுண்டி. ஒரு கப் சுண்டல், அல்லது பாசிப்பயறு, அல்லது வேகவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடியும் ஒரு பழமும். இதைக் கொடுத்தால் எடை கூடும் என்று பயப்படாதீர்கள். ஏழு மணி வெறியை அடக்குவதே இதுதான். கூடவே ஆட்டத்திலும் தெம்பு இருக்கும்.

ஏழு மணிக்கு வந்ததும் தண்ணீர், குளியல். அப்புறம் ஒரு கிண்ணம் சாம்பாரோ காய்கறி சூப்போ, வெள்ளரி, தக்காளி. அவ்வளவுதான். பால் வேண்டுமென்றால் பவுடரும் சர்க்கரையும் இல்லாமல், சிறிய டம்ளரில். அப்பா எட்டரைக்குள் வர முடியுமானால் எல்லோரும் சேர்ந்து ஒரே இரவுச் சாப்பாடு. அவரால் முடியாத நாட்களில் ஏழே முக்காலுக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு அப்பாவோடு தட்டு இல்லாமல் உட்கார்ந்து பேசட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது அவர் சீக்கிரம் வந்தால், எந்த டயட் சார்ட்டையும்விட அது அதிகம் வேலை செய்யும். இதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உங்கள் அத்தை சொல்வதில் தவறில்லை, வயிறாரத்தான் போட வேண்டும். எதைப் போட்டு வயிற்றை நிறைக்கிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது. தோசை நான்கென்றால் இரண்டாக்கி, சாம்பாரையும் காயையும் இரண்டு மடங்காக்கினால் அவர் மனமும் நிறையும். அவரையே சுண்டல் பொறுப்புக்கு வைத்துவிடுங்கள். பாட்டி கையால் வந்தால் பையன் மறுக்க மாட்டான். வீட்டில் ஒருவனுக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். எல்லோரும் சப்பாத்திக்குக் குருமா தொட்டுக்கொள்ளும்போது அவனுக்கு மட்டும் ஓட்ஸ் என்றால், அவன் அடுத்த நாள் பேக்கரிக்குப் போவான்.

அடுத்து பயிற்சியாளர். ஒரு நாள் நேரில் போய், வெளியே நின்று, உங்கள் மகன் எவ்வளவு நேரம் உண்மையில் ஆடுகிறான் என்று பாருங்கள். பருமனான பிள்ளைகளைக் கடைசி வரிசையில் நிறுத்தி ஷட்டில் பொறுக்க விடுவது நிறைய வகுப்புகளில் நடக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் மேல்தான் கவனம் போகும். அப்படியானால் அவன் செய்வது பிரான்ஸ் ஆய்வின் மெதுவான பயிற்சி. பசியை அடக்கும் பயன் அதில் கிடைக்காது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி. நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் கடுமையான பயிற்சி. இரண்டு நிமிடம் அப்படி ஆடி, இரண்டு நிமிடம் ஆற்றிக்கொண்டு, மறுபடி ஆடுகிற மாதிரி அரை மணி நேரம் வரவேண்டும். எடுத்த எடுப்பில் முடியாது. இப்போது ஐந்து நிமிடம் முடிந்தால் ஐந்து, பிறகு வாரா வாரம் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது, சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பு, அதில் வாரம் மூன்று நாளாவது கடுமையானது. நான்கு நாள் வகுப்பு, ஒரு நாள் நீச்சல், மீதி இரண்டு நாள் சைக்கிளில் கடைக்குப் போய் வந்தால் அதை ஒட்டி வந்துவிடும். வகுப்பைக் காலை ஐந்து மணி பேட்சுக்கு மாற்றலாமா என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் கிரெலின் ஏறும். காலையில் ஆடிச் சம்பாதித்ததை மாலைக்குள் அதுவே தின்றுவிடும்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். "ரெண்டு பரோட்டா தின்னியல்ல, போய் பத்து ரவுண்டு ஓடு" என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. விளையாட்டு தண்டனையாக மாறிய வீடுகளில் பிள்ளைகள் முதலில் விளையாட்டை வெறுக்கிறார்கள், அப்புறம் ஒளித்துச் சாப்பிடுகிறார்கள். அதேபோல "நல்லா ஆடினியா, வா ஐஸ்கிரீம்" என்ற பரிசும் வேண்டாம். எடையைப் பற்றிச் சொந்தக்காரர்கள் முன்னால் பேசவே வேண்டாம். அவன் ஒளித்துச் சாப்பிடுவதாகவோ, சாப்பிட்டு வாந்தி எடுப்பதாகவோ, திடீரென்று சாப்பாட்டையே ஒதுக்குவதாகவோ தெரிந்தால் எடைக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

மருத்துவ விஷயங்கள் சில. கழுத்துக்குப் பின்னாலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்திருக்கிறதா? அது அழுக்கு அல்ல, தேய்த்தால் போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது. குறட்டை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, அடிக்கடி தாகமும் சிறுநீரும், இவற்றையும் கவனியுங்கள். இதுவரை எடுக்கவில்லை என்றால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் என்சைம் எல்லாம் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். "தைராய்டாக இருக்குமோ" என்று எல்லோரும் கேட்பார்கள். தைராய்டு குறைந்த பிள்ளைக்கு உயரம் வளர்வது மந்தமாகும். ஒரு வருடத்தில் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்த பையனுக்கு எடைக்குக் காரணம் அதுவாக இருப்பது அரிது.

மிக முக்கியமாக, ஆடும்போதோ ஆடிய பிறகோ இடுப்பு, தொடை, முழங்கால் வலிக்கிறது என்றோ, நொண்டுகிறான் என்றோ தெரிந்தால் சுளுக்கு என்று தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள். பருமனான வளரிளம் பையன்களுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி இடுப்பு மூட்டில் வழுக்கிவிடுவது உண்டு. வலி சில நேரம் முழங்காலில் மட்டும் தெரியும். அன்றே ஆட்டத்தை நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பேட்மின்டனை நிறுத்தச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டென்றால் அது இதுதான்.

அடுத்த அளவை டிசம்பரில் எடுங்கள். நடுவில் வாராவாரம் எடை மெஷினில் ஏற்ற வேண்டாம். அதே மெஷின், காலையில், செருப்பில்லாமல். உயரத்தைச் சுவரில் குறித்து அளந்துகொள்ளுங்கள். கூடவே தொப்புளை ஒட்டி இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள். அது உயரத்தில் பாதிக்குள், 161 சென்டிமீட்டருக்கு 80-க்குள், வர வேண்டும் என்பது இலக்கு. ஒரே வருடத்தில் வராது. டிசம்பரில் பி.எம்.ஐ. 30.5-லேயே நின்றாலோ இறங்கினாலோ இதே வழியில் தொடருங்கள். ஏறியிருந்தால், வகுப்பு நாள் ஒன்றிலும் வகுப்பில்லாத நாள் ஒன்றிலும் அவன் காலை முதல் இரவு வரை சாப்பிட்டது, குடித்தது அத்தனையையும் நேரத்தோடு எழுதி அனுப்புங்கள். அவன் அந்த 1.7 கிலோ கூடின ஆள் வகையா, இல்லை இன்னும் எங்காவது ஒரு டம்ளர் ஒளிந்திருக்கிறதா என்று அதை வைத்துப் பார்க்கலாம்.